புகைக்கூண்டில் முளைத்த அரசங்கன்று

புகை நடுவிலிருந்தே என்னைக் கூப்பிட்டுப் பழகிய என் அம்மாவுக்கு,

உன் தலைத் திவசம் நடந்து முடிந்தது. சாப்பிட்டாயா? எதைச் சாப்பிட்டாய், முதலில் சமைத்ததையா, மறுபடி சமைத்ததையா? உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் நான் சொல்கிறேன். இந்த வீட்டில் வேறு யாரும் உன்னிடம் நடந்ததை நடந்தபடி சொல்லப்போவதில்லை.

முதலில் நல்ல செய்தி. சமையலறைப் புகைக்கூண்டின் தலையைக் கொத்திப் பூசியாகிவிட்டது. ஆமாம் அம்மா, மொட்டை மாடியில் நிற்கும் அதே கூண்டுதான். மழை பெய்தால் உச்சிப் பூச்சின் வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி, அடுப்புக்குப் பின்சுவர் முழுக்க ஊறி, நீ கீழே அண்டாவை வைத்துக்கொண்டு சமைத்தாயே, அதே கூண்டு. இப்போது ஒரு சொட்டு இறங்குவதில்லை. உனக்குச் சந்தோஷமாக இருக்கலாம். எனக்கு வயிறு எரிகிறது.

பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஊரே காலியானபோது நீங்களும் மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கும்பகோணம் போனீர்களே, அப்போது வந்த வினை. திரும்பி வந்து பார்த்தால் கூண்டின் உச்சியில் ஒரு அரசங்கன்று. காக்கை போட்ட விதை. இரண்டே இலை. நகத்தால் கிள்ளினால் வந்திருக்கும். நான் கையை நீட்டினேன். நீ பதறிப்போய்த் தடுத்தாய்.

"அரசுடீ அது. பிடுங்கினா வம்சத்துக்கு ஆகாது."

அண்ணாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "நான் புள்ளைகுட்டிக்காரன். நான் அதுல கை வைக்கமாட்டேன்" என்றான்.

சரி, ஒரு கொத்தனாரைக் கூப்பிடலாமே, அவர் பிடுங்கிவிட்டுப் பூசிக்கொடுத்துவிட்டுப் போவாரே என்றேன். அதற்கும் வழியில்லை. மாடிப்படி சமையலறைக்குள்ளிருந்துதான் ஏறுகிறது. கொத்தனார் அந்த வழியாகப் போனால் அடுப்படியின் மடி, ஆசாரம் எல்லாம் என்ன ஆவது? இதைச் சொன்னது யார்? நீதான் அம்மா. அண்ணாவுக்கு அது போதுமாக இருந்தது. அதற்கப்புறம் யார் கேட்டாலும் ஒரே பதில்: "அம்மாவுக்கே இஷ்டமில்லை. நான் என்ன பண்றது?"

கன்று வளர்ந்தது. வேர் பூச்சைப் பிளந்தது. தண்ணீர் உள்ளே இறங்க இறங்கக் கூண்டு ஈரமாகி, புகை மேலே ஏற மறுத்து உன் முகத்துக்கே திரும்பியது. ஈர விறகு வேறு. நீ ஊதாங்குழலை எடுத்து ஊதுவாய், இருமுவாய், மறுபடி ஊதுவாய். கூடத்திலிருந்து அண்ணா, "அம்மா, காபி ஆச்சா?" என்பான். ஆச்சு என்பாய். மூச்சு வாங்க நின்றுவிட்டுத்தான் கொண்டுவந்து கொடுப்பாய்.

சிமெண்ட் கண்ணால் பார்க்கக் கிடைக்காத காலத்தில் அண்ணா யார் யாரையோ பிடித்து ஒரு மூட்டை வாங்கி வந்தானே, ஞாபகம் இருக்கிறதா? உன் கூண்டுக்குத்தான் என்று நம்பினேன், பைத்தியக்காரி. வாசற்படிக்குப் பூசினான். "வரவா போறவா பாக்கற எடம்" என்றான். வருகிறவர்கள் யாராவது உன் சமையலறையை எட்டிப் பார்த்தார்களா? அந்தப் படி வழியாகத்தான் போன ஐப்பசியில், கொட்டுகிற மழையில், உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மார்ச்சளி என்றார் டாக்டர். விதி என்றான் அண்ணா. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்குப் பிறகு அந்த அடுப்புக்கு முன்னால் மன்னி உட்கார்ந்தாள். அண்ணா கையைப் பிடித்து வந்தவள், வேறு எங்கே போவாள்? இந்தப் புரட்டாசியில் ஒரு நாள் மந்தைவெளியிலிருந்து நடந்து வந்தேன். வாசலில் நுழையும்போதே இருமல் சத்தம். ஒரு கணம் நீதான் என்று நினைத்து நின்றுவிட்டேன். அன்றைக்கே அண்ணாவிடம் சொன்னேன். "மழைக்கு முன்னாடி கூண்டைப் பாருடா. அம்மாவுக்கு வந்தது இவளுக்கும் வரப்படாது."

"அம்மா வருஷம் முடியட்டும். நடுவுல எதையும் இடிக்கப்படாது" என்றான். உன் பெயரைச் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று அவனுக்குத் தெரியும்.

திவசத்தன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மன்னி மடிப்புடவையோடு அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். நான் வெளியிலிருந்து வந்தவள், மடி இல்லை. அதனால் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். கூடத்தில் சாஸ்திரிகளோடு அண்ணா. கூண்டுக்குள் என்னவோ சரிந்த சத்தம் கேட்டது. ஊறிப்போன காரையும் கரியுமாக ஒரு கட்டி நேரே எண்ணெய்ச் சட்டியில் விழுந்தது. எண்ணெய் மன்னியின் முழங்கை வரை தெறித்தது. "சட்டியில கரி விழுந்துடுத்து!" என்று கத்தினேன்.

அவள் அலறிய அலறலுக்கு அண்ணா கூடத்திலிருந்தே கேட்டான், அம்மா. காதைத் தீட்டிக்கொண்டு கேள்.

"எண்ணெயோட போச்சா, பட்சணத்துலயும் பட்டுடுத்தா?"

நான் உள்ளே ஓடி அவள் கையைப் பிடித்து மோர்ச் சட்டிக்குள் அமுக்கினேன். அவ்வளவுதான். நான் தொட்டதால் அவள் மடி போயிற்று. கரி பட்டதை இலையில் போடக்கூடாது, எல்லாம் புதிதாகத்தான் ஆக வேண்டும் என்றார் சாஸ்திரிகள். நான் அவரிடமே கேட்டேன், இந்தக் கையோடா? அவர் அண்ணாவைப் பார்த்தார். அண்ணா தர்ப்பையை எண்ணிக்கொண்டிருந்தான். மன்னிதான், "விடு கமலம். அம்மா பட்டினியாப் போயிடப்படாது" என்றாள். வெந்த கையோடு கிணற்றடிக்குப் போய், அந்த மழையில் மறுபடி தலைக்கு ஊற்றிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சமைத்தாள். அதைத்தான் நீ சாப்பிட்டாய். ருசியாக இருந்ததா?

அன்று முழுக்க அண்ணா பேயறைந்தவன் போல இருந்தான். "அம்மா கோவிச்சுண்டு போயிருப்பாளோ?" என்று என்னிடமே கேட்டான். நீ இருமிச் சொன்னபோது அவன் காதில் விழவில்லை. மன்னி அலறினாள், அதுவும் விழவில்லை. ஒரு கரிக்கட்டியைப் பார்த்தபிறகு விழுந்தது.

மழை விட்டதும் தானே போய்க் கொத்தனார் மஸ்தான் பாயைக் கூட்டி வந்தான். அவர் கரணையும் சட்டியுமாக, சேற்றுக்காலோடு, உன் சமையலறை நடுவே நடந்து மாடிக்குப் போனார். மடி எங்கே போயிற்று என்று நான் கேட்டேன். "புண்யாகவாசனம் பண்ணி, தீர்த்தம் தெளிச்சுண்டா போச்சு" என்றான் அண்ணா. அவ்வளவு சுலபமாம் அம்மா. அதை உன் காலத்தில் பண்ணியிருக்கக் கூடாதா? நீயாவது கேட்டிருக்கக் கூடாதா?

மஸ்தான் பாய் மேலிருந்து குரல் கொடுத்தார். "இன்னா சாமி இது, மண்டையே பொளந்துகினு கீது! வேரு செங்கல்லுக்குள்ள போயிகினு கீது பாரு. மேல சாய்வே இல்ல, பேஞ்ச தண்ணி அப்பிடியே குந்திகினு கீது."

பழைய பூச்சையெல்லாம் உரித்து, வேரைக் கடைசி நுனி வரை இழுத்து எடுத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பால் புதுத் தலை கட்டினார். நாலு பக்கமும் சரிவு. விளிம்பை நாலு விரல் வெளியே நீட்டிவிட்டார், தண்ணீர் சுவரைத் தொடாமல் சொட்ட. மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடினார். "வருசா வருசம் மழைக்கு முன்ன ஒரு தபா ஏறிப் பாரு சாமி. கீறல் இருந்தா அப்பவே அடைச்சுரு" என்றார். அண்ணா தலையை ஆட்டினான். அவன் ஏறமாட்டான், எனக்குத் தெரியும்.

பிடுங்கிய கன்றை அவன் குளக்கரைக்கு எடுத்துப் போய், குழி தோண்டி நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான். மன்னியின் கைக்கு நான்தான் களிம்பு போட்டேன். போடும்போது இரண்டு தடவை இருமினாள்.

அம்மா, இது என் வாக்கு. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறப்பதற்கு முன் நான் வருவேன். மடி இல்லாமலே உன் சமையலறையைத் தாண்டி மாடி ஏறுவேன். கூண்டின் தலையைக் கையால் தடவிப் பார்ப்பேன். கீறலில் சுண்ணாம்பு வைப்பேன். அங்கே மறுபடி அரசு முளைத்திருந்தால், இரண்டு இலையிலேயே பிடுங்கிப் போடுவேன். நீ மேலேயிருந்து பதறினாலும் சரி. நீ அதைக் காப்பாற்றினாய், நான் உன்னைப் பறிகொடுத்தேன். மன்னியைக் கொடுக்கமாட்டேன்.

வம்சத்துக்கு ஆகாது என்றால், அந்தப் பாவம் என் கையோடு போகட்டும்.

இனிமேல் உன் பேச்சைக் கேட்கப்போகாத உன் பெண்,
கமலம்