முன்கதிரையும் என் தடியும்

ஆகஸ்ட் 2, 1987. ஞாயிறு
தையல் ஃபாக்டரியில் பக்கத்து மெஷின்காரி இவோன் பார்க்குக்கு வரச் சொன்னாள். ட்ரினிடாட்காரி. மேளம் அதிர, அவளுடைய தம்பி தடியோடு இறங்கினான். அடி, தடுப்பு, கால் மாற்றம் — எங்கள் சிலம்படியேதான் போலிருந்தது! அடிமைகளாயிருந்த தன் முன்னோரின் விளையாட்டாம். வெள்ளைக்காரன் தடை போட்டும் விடவில்லையாம். பார்க் முழுக்கக் கேட்கும்படி உரத்துச் சொல்கிறாள்.

என் பூட்டனின் தகப்பனையும் சீதனக் காணியோடு சேர்த்து அடிமையாகத்தான் கொடுத்தார்கள். அதை நான் யாருக்காவது வாய்விட்டுச் சொன்னதுண்டா?

ஆகஸ்ட் 9
என்னைப் பெற்ற ஐயா பழக்கியதைக் கை மறக்கவில்லை. கீழே பேஸ்மன்றில் தடி சுழற்றிப் பார்த்ததில் பல்பு உடைந்தது. இவருக்குக் கோபம்.

டிசம்பர் 13
தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் சிலம்படி செய்யச் சம்மதித்தேன். தலைவர் ஜெயரட்ணம் அங்கிளுக்குப் பெரிய சந்தோசம். "எங்கட அரசர்மாற்ர கலை, பிள்ளை. முன்கதிரையில நான் இருப்பன். தடியைக் காலடியில வைச்சுக் கும்பிட்டிட்டுத் தொடங்கும். ஊர்முறை அதுதானே?"

யாருடைய ஊர்முறை? ஐயா மேற்சட்டை இல்லாமல், காணிக்கார நயினாரின் காலடியில் தடியை வைப்பார். அவர் தலையசைத்த பிறகுதான் எடுப்பார். அரசராம்!

போகும்போது, "ஊரில எந்தப் பக்கம்?" என்றும் கேட்டார். சாதி கேட்கிற கேள்வி. அதுவும் பிளேன் ஏறி வந்துவிட்டது.

ஜனவரி 10, 1988
"இஞ்ச நாங்கள் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்குப் பிள்ளையளுக்குக் கலியாணம் பேச வேண்டாமே? ஒருக்காக் குனிஞ்சா என்ன குறைஞ்சு போகும்?" — இவர்.

குட்டக் குட்டக் குனிகிறவளும் மடைச்சி. மாட்டன். குனியவே மாட்டன்.

ஜனவரி 16
தடியை அவர் காலடியில் வைக்கவில்லை. மைக்கை வாங்கினேன். "இது அரசர்மாற்ர கலை இல்லை. அடிமையாயிருந்த எங்கட ஆக்களின்ர கலை." ஊரில் எங்கள் ஆட்கள் ஒதுங்கி வாழும் குறிச்சியின் பெயரையும் சொன்னேன். நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுச் சுழற்றினேன்.

ஜெயரட்ணம் எழுந்து போனார். பின்னால் முன்வரிசையே போனது. கடைசி வரிசையில் இவோன் கைதட்டியது மட்டும் கேட்டது. திரும்பி வரும்போது காரில் இவர் ரேடியோவைச் சத்தமாகப் போட்டார்.

ஜனவரி 24
ஒரு வாரமாகப் போன் அடிக்கவில்லை. மாதா கோயிலில் பூசை முடிய, வேரோனிக்கா மட்டும் கையைப் பிடித்தாள். "நாங்களும் உங்கட ஆக்கள்தான், செலீன்" என்றாள், மெல்ல. அஞ்சு வருசப் பழக்கம், இன்றைக்குத்தான் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்தால் இவரைக் காணவில்லை. பேஸ்மன்றில் ஏணியில் நிற்கிறார். நடுவிலிருந்த பல்பைக் கழற்றி மூலையில் பூட்டுகிறார் — தடி எட்டாத இடத்தில்.