ஒலிக்காத சைரன்

செருப்பில் ஒட்டிய சிவப்பு மண் இன்னும் காயவில்லை. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இப்போதுதான் பதுளைக்குத் திரும்பினேன். நடந்ததை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

நாம் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய மழை எச்சரிக்கைக் கணினி நிரல் அது. ‘எச்சரிக்கை’ என்று ஒரு தாய் வகுப்பு, மற்ற வகுப்புகளுக்கு அச்சு போல. அதன் ‘அறிவி’ என்ற கட்டளை மழை அளவைக் குறித்துவைக்கும், அவ்வளவுதான். குறுஞ்செய்தி, சைரன் என்ற பிள்ளை வகுப்புகள் அதே ‘அறிவி’யைத் தங்கள் விதமாக மேலெழுத வேண்டும். மழை எல்லை மீறியதும் நிரல் ‘அறிவி’ என்பதைச் சுட்டி ஒவ்வொன்றையும் கூப்பிடும். மேலெழுதிய பிள்ளை தன் வேலையைச் செய்யும். மேலெழுதாவிட்டால் தாயின் வேலையே நடக்கும்.

“பேரு மட்டும் ஒன்னா இருந்தா பத்தாதுடி, அது வாங்குற எண்ணோட வகையும் ஒன்னா இருக்கணும்” என்பாய். மேலெழுதுகிறேன் என்ற குறியைப் போடு, பொருந்தாவிட்டால் கணினியே தடுத்துவிடும் என்றும் சொல்வாய். எனக்குச் சோம்பல்.

சைரனை நான் எழுதிய வாரம் நீ காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். யாரும் சரிபார்க்காமலே அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் நீ இல்லை.

நேற்றுக் காலை தோட்டத்துக் கிளாக்கர் போன் செய்தார். “மிஸ், மழை கோட்டத் தாண்டிருச்சு. சைரன் அடிக்கலீங்க.”

போனை வைக்காமலே நிரலைத் திறந்தேன். தாயின் ‘அறிவி’ தசம எண்ணை வாங்குகிறது. நான் எழுதியது முழு எண்ணை. அதனால் அது மேலெழுதவே இல்லை. யாரும் கூப்பிடாத வேறொரு ‘அறிவி’யாக ஓரத்தில் நின்றிருந்தது. தாயின் ‘அறிவி’ மட்டும் மழையைக் குறித்துக்கொண்டே இருந்தது. லயத்து வீடுகளில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

“யாரும் இல்லீங்க. மெஷின மட்டும் நம்பாதீங்க, மழைமானிய நீங்களும் பாருங்கன்னு உங்ககூட வேல பாக்குற மத்த மிஸ் இடம் பாக்க வந்தப்பவே சொல்லிட்டுப் போனாங்க. விடிஞ்சதுமே எல்லாரையும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்.”

பத்து மணிக்குக் கடைசி லயத்தின் மேல் மண் சரிந்தது.

இன்று அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், தவறு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். யாரும் ஏசவில்லை. கிளாக்கர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“மத்த மிஸ் வரலீங்களா?”

நீ இறந்தது அவர்களுக்குத் தெரியாது. சொன்னேன். கடைசி லயத்துப் பெண்ணொருத்தி சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த மிஸ் எந்த ஊர் என்று கேட்டாள். லுணுகலை என்றேன்.

புறப்படும்முன் மண் விழுந்த அந்த லயத்து ஆட்களை ஒவ்வொரு முகமாக எண்ணினேன். முப்பத்தொரு பேர். அந்த எண்ணோடுதான் பஸ் ஏறினேன்.