குரங்குக்குச் செய்த என்ஜினும் ரூத் கல்யாணமும்

ஜூன் 14, சனிக்கிழமை, மாலை மணி 6.40. ரம்புத்தான் மரத்தில் குரங்குகள் பதினேழு.

அன்பு மகள் சாந்தினிக்கு அப்பா எழுதுவது. இங்கே புக்கிட் செலம்பாவில் எல்லாரும் நலம், அதாவது எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மா இன்று மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. இங்கிலாந்தில் ஜூன் மாதமும் குளிர்கிறது என்றாயே, சாக்ஸ் போட்டுக்கொள், சமைக்காமல் ரொட்டியைத் தின்று காலத்தை ஓட்டாதே. போன வாரம் போனில் உன் கட்டுரையைப் பற்றிக் கேட்டாய். இந்தியாவும் சீனாவும் போர் விமானத்துக்குச் சொந்த என்ஜின் செய்ய ஏன் இத்தனை வருஷமாக முட்டி மோதுகின்றன, "காசு கொடுத்து வாங்கிட்டா வேலை முடிஞ்சுதேப்பா" என்றாய். அம்மா பக்கத்தில் நின்றதால் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். பதிலுக்கு நீ நூலகத்துக்கெல்லாம் போக வேண்டாம், நம் வேலியைப் பார்த்தால் போதும்.

இந்த வருஷம் ரம்புத்தான் நன்றாகக் காய்த்தது, குரங்கும் நன்றாக வந்தது. பக்கத்து வீட்டு ரோனால்ட் அங்கிள் அவர் மரத்தில் பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டார், குரங்கெல்லாம் நம் மரத்துக்கு வந்தன. நான் லாரி ஹாரன் ஒன்றை மாட்டினேன், எல்லாம் அவர் மரத்துக்குப் போயின. அதற்கு அவர் கார்பைட் வைத்து வெடிக்கும் குழாய் ஒன்றைக் கடையில் வாங்கி வந்து, வாயை நம் பக்கம் திருப்பி வைத்தார். கேட்டால், "நேசா, குரங்கு அந்தப் பக்கந்தானே இருக்கு, வேற எங்க திருப்ப?" என்கிறார். கார்பைட் தீர்ந்தால் மறுபடி கடைக்காரனிடம் போய் நிற்க வேண்டும், கடை ஞாயிற்றுக்கிழமை இல்லை. நீ போன வாரம் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. வாங்கிய ஆயுதம் கடைக்காரன் மனசு வைத்தால்தான் வெடிக்கும். நான் விமான என்ஜின் டிப்ளமா படித்தவன், தொழிற்சாலையில் கம்ப்ரசர் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்பதற்காகப் படித்தது மறந்துவிடுமா? இரும்புக் குழாயை வளைத்துச் சமையல் கேஸில் ஓடுகிற துடிப்பு ஜெட் ஒன்றைச் செய்தேன். சுழல்கிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது, குழாய்க்குள் கேஸ் விட்டு விட்டு வெடிக்கும், அந்தச் சத்தம்தான் எல்லாம். இரண்டாம் உலகப் போரில் பறக்கும் குண்டைத் தள்ளிய என்ஜினுக்கு இது தம்பி முறை. ரோனால்ட் அங்கிளுக்குச் சுங்கைப் பட்டாணியில் வண்டிப் புகைக்குழாய் மாற்றும் கடை இருக்கிறது, அவரிடம் கொடுத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் அழகாக வெல்டிங்கில் ஒட்டித் தந்திருப்பார். எதிரியிடம் எப்படிக் கொடுப்பது? நானே ஒட்டினேன். ஒட்டு கொஞ்சம் பிளந்தது, அதனால் நினைத்ததைவிட மூன்று மடங்கு சத்தம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரோனால்ட் அங்கிள் மகள், உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த நம் ரூத்துக்குப் பெண்டாங்கில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள், பையனுடைய அப்பா லியோனார்ட், நெல் வயல்காரர். இரண்டு வீட்டில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் நடுவேலியைக் கழற்றி, நம் நாற்காலிகளையும் சேர்த்துப் போடுவதுதானே வழக்கம். இந்தத் தடவை வேலியைக் கழற்றவில்லை, நாற்காலியும் கேட்கவில்லை, பேச்சுவார்த்தையே இல்லாத வீட்டில் யார் வந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தேதி குறிக்க வந்து உட்கார்ந்து, ரூத்தின் அம்மா செரீனா ஆன்ட்டி கேக் வெட்டுகிற அதே நிமிஷம் நான் என்ஜினைக் கிளப்பினேன். மாப்பிள்ளையின் அம்மா மேசைக்கு அடியில் போய்விட்டார். மாப்பிள்ளை ஓடிப்போய் அவர்கள் வந்த காடிக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டு, தன் அப்பாவையே உள்ளே விடவில்லை. குரங்குகள் மட்டும் அசையாமல் மரத்தில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் பார்த்தன. அவர்கள் போனவர்கள் போனவர்கள்தான், பன்னிரண்டு நாளாய் ஒரு போன் இல்லை. ரூத் வேலைக்குப் போகாமல் அறைக்குள்ளேயே கிடந்தாள். ரோனால்ட் அங்கிள் கேட்டில் நின்று, "ஒரு குழாய வச்சு என் மக வாழ்க்கைய ஊதிட்டியேடா" என்று எல்லார் முன்னாலும் அழுதார். அம்மா, "நீங்க பெண்டாங் போய்ப் பேசி சரி பண்ணாத வரைக்கும் இந்த வீட்ல எனக்கும் உங்களுக்கும் சோறு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது என்று உனக்கே தெரியும். இன்று காலை மோட்டாரில் போனேன். லியோனார்ட் வரப்பில் நின்றிருந்தார். அந்தக் குழாய் என்னுடையது, தப்பு என்னுடையது, ரூத் நல்ல பெண், அவ்வளவுதான், என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சம்பந்தத்துல ஒரு கொறையும் இல்ல தம்பி. கேக்க பாதியில போட்டுட்டு, பொண்ணு வீட்ட அப்பிடியே விட்டுட்டு ஓடி வந்தவங்க நாங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு போன் பண்றது லா?" என்றார். மாப்பிள்ளைக்கு அதைவிட வெட்கமாம், ரூத் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று சாப்பிடாமல் இருக்கிறானாம். அங்கிருந்தே ரூத்துக்குப் போன் போட்டு, வயலோரம் நின்றிருந்த அவன் கையில் கொடுத்தேன். "காடியப் பூட்டுனீங்களே, அப்பாவையாச்சும் ஏத்திக்கிட்டிருக்கலாம்ல" என்று அவள் சிரித்தது வரப்பு வரைக்கும் கேட்டது. ஆகஸ்டில் நிச்சயம்.

கிளம்பும்போது லியோனார்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நெல்லை எல்லாம் குருவி தின்கிறது, அந்தக் குழாய் ஒன்று வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவருடைய பக்கத்து வயல்காரர் புவனேசன் போன் பண்ணி, "அண்ணனுக்குச் செய்றதவிட ஒரு அடி நீளமா எனக்கு" என்கிறார். ரோனால்ட் அங்கிளுக்கோ கல்யாணம் கூடியதில் ஐந்து நிமிஷம் சந்தோஷம், ஆறாவது நிமிஷம், "ஏன், என் கார்பைட் குழாய அவர் கேக்கலியா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். உன் கட்டுரையின் முடிவுரையும் இதுதான், எழுதிக்கொள்: ஒருவன் செய்தால் அடுத்தவனுக்கு அதைவிட ஒரு அடி நீளமாக வேண்டும்.

நீ நல்லபடியாகப் படித்து, நல்ல என்ஜின் செய்து, நாலு பேரைப் பத்திரமாக ஏற்றி இறக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். ஆகஸ்டுக்கு டிக்கெட்டை இப்போதே போடு, கடைசி நேரத்தில் என்னிடம் புலம்பாதே.

இப்படிக்கு
உன் அப்பா
சிவநேசன்

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை நடுவேலியைக் கழற்றுவேன். ரோனால்ட் அங்கிள் அவர் பக்கத்து ஆணியைப் பிடுங்குவார்.

2. என்ஜினை அவர் கடைக்கு எடுத்துப்போய் இரண்டாக வெட்டுவோம். தானேதான் வெட்டுவேன் என்கிறார். வெட்டட்டும்.

3. இரண்டு மரத்துக்கும் சேர்த்து ஒரே வலை போடுவோம்.

4. பெண்டாங் போய், லியோனார்டுக்கும் குழாய் இல்லை, புவனேசனுக்கும் இல்லை என்று சொல்வேன். ரூத் வாழப்போகிற வீடு, அங்கே இந்த இரைச்சல் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல ரோனால்ட் அங்கிளுக்கு வாய் வராது. எனக்கு அது ஒன்றுதான் வரும்.

5. நான் சொல்லி முடித்து ஓடி வந்து ஏறும் வரை ரோனால்ட் அங்கிள் காடியை அணைக்காமல் ரோட்டிலேயே வைத்திருப்பார்.