காணையில் பின்தங்காத கடிகாரம்

திண்டிவனம்,
9-11-1986

அன்புள்ள தம்பி முத்துசாமிக்கு,

ராஜாமணி எழுதுவது. நலம் என்று எழுதினால் என் தொப்பை மட்டும்தான் நம்பும். நாக்பூரில் ஒரு மரக்கடையில் நீ கணக்கு எழுதுவதாக நம் சிநேகிதன் சீனுவாசன் சொல்லி, இந்த விலாசம் நேற்றுத்தான் கிடைத்தது.

விழுப்புரத்தில் நம் அப்பாதுரை மகள் கல்யாணம் நடந்தது. முதல் பந்தியில் கரண்டு போயிற்று. வெளிச்சம் வந்தபோது என் இலையில் இரண்டு ஜாங்கிரி. பக்கத்து இலைக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்வெட்டின் விளைவுகளில் இதையும் சேர்த்துக்கொள் என்று சொல்ல உன்னைத் தேடினேன்.

மின்வெட்டு ஆராய்ச்சிக்காகக் கரண்டில் மட்டும் ஓடும் கடிகாரங்களை ஊர் ஊராக, வீடு வீடாக மாட்டினாயே, எனக்கெல்லாம் ஏழு ஜன்மம் எடுத்தாலும் அது தோன்றாது. கரண்டு போனால் நிற்கும், வந்தால் ஓடும். மாதக் கடைசியில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறதோ, அவ்வளவு நேரம் அந்த ஊரில் கரண்டு இல்லை. நான் அவற்றை மூட்டை கட்டி பஸ் ஏறியபோது, வாட்ச் ரிப்பேர்காரன் என்று நினைத்து ஒருவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

கோலியனூரிலும் அனந்தபுரத்திலும் ஒழுங்காகப் பின்தங்கின. உன் சொந்த ஊர் காணையில் மட்டும் ஒன்றுகூடப் பிசகவில்லை. பம்பு ஓடாமல் கரும்பு காய்கிற ஊரில் கரண்டே போகவில்லையா என்று பரீட்சகர்கள் சிரித்தார்கள். வீட்டில் உட்கார்ந்து எண்களை எழுதிவிட்டான் என்று ஆய்வேட்டைத் திருப்பினார்கள். நீயும் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிவிட்டாய்.

சுற்றி வளைத்தது போதும். உன் அம்மா போய்விட்டார்கள், தம்பி. போன செவ்வாய்க்கிழமை. அடைமழையில் வந்த காய்ச்சல். தந்தி கொடுக்க விலாசம் இல்லை. உன் சித்தப்பா மகன் கண்ணையன்தான் கொள்ளி வைத்தான்.

சாவு வீட்டிலும் கரண்டு போயிற்று. சுவரில் கடிகாரம் நின்றது. பக்கத்து வீட்டுப் பூமாலை, "இனிமே இத்த யாரு திருப்பி வைப்பாங்க அத்தே" என்று ஓவென்று அழுதாள். திருப்பி வைப்பதா என்று கேட்டேன். "ஆமாங்க. கரண்டு வந்ததும் அத்த எங்க ஊட்டு ரேடியோல மணி கேட்டுக்கினு, கடியாரம் மாட்டின ஊட்டுக்கெல்லாம் ஓடும். புள்ள மாட்டின மிஷினு தப்பு காட்டினா புள்ளைக்குத்தானே கெட்ட பேருன்னு சொல்லும்" என்றாள்.

முள்ளைத் தொடக்கூடாது என்று நம் இருவரில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை பார்.

அம்மாவுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. "கடியாரம் நல்லாத்தானே ஓடுது ராஜாமணி, இவன் ஏன் ஊட்டுக்கு வரல?" என்று படுக்கையிலும் கேட்டார்கள். நான் வழக்கம்போல ஏதோ வேடிக்கை சொன்னேன். எடுபடவில்லை.

பூமாலையைக் கூட்டிக்கொண்டு போய் உன் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்ல வைத்தேன். காணையை மட்டும் திரும்ப அளந்து கொண்டுவரட்டும், ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

நேற்றுக் காணைக்குப் போனேன். முதல்முறையாக உன் வீட்டுக் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. திருத்திவிடலாம் என்று என் கையே போயிற்று, இழுத்துக்கொண்டேன். யாரும் தொடக்கூடாது என்று கண்ணையனிடம் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று நான் எழுத மாட்டேன்.

காரியத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. வந்து நீயே பார்த்துக்கொள், ராசா.

எங்கிருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு. இதை அம்மா சொன்னதாக வைத்துக்கொள்.

உன் வழி பார்த்திருக்கும்,
ராஜாமணி