மருந்துக்கடை மென்பொருளை விற்கும் முன்

என் தங்கத்துக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீ நலமா என்று கேட்க மாட்டேன், போனில் உன் குரலைக் கேட்டபோதே நீ அசந்துபோயிருப்பது தெரிந்துவிட்டது. நம் மருந்துக்கடைக்காக நீ எழுதிய மென்பொருளை ஒரு கம்பெனி விலைக்குக் கேட்கிறது, அடுத்த மாதம் கையெழுத்துப் போடட்டுமா, உங்களுக்கு வருத்தமா என்றாய். கடையில் கூட்டம், ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முன்பு நாம் வாங்கியிருந்த மென்பொருள் சந்தா முடிந்த அன்று பூட்டிக்கொண்டதே, நம் அலமாரியில் என்ன இருக்கிறது என்று நாமே பார்க்க முடியாமல் திருதிருவென்று முழித்தோமே! அந்தக் கோபத்தில்தான் நீ புதிதாக எழுதினாய், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்திக்கொள்ளட்டும் என்று திறந்தும் வைத்தாய். இன்று முகம் தெரியாத எத்தனையோ கடைகளில் அது ஓடுகிறது. பெருமையாகத்தான் இருக்கிறது கண்ணு, ஆனால் உங்கப்பா அடித்த கூத்தைக் கேள். மென்பொருள் சும்மா கிடைத்தால் எழுதியவளும் சும்மா கிடைப்பாள் என்று நினைத்துவிட்டார் மனுஷர். "நம்ம பொண்ணுதான், எப்ப வேணாலும் கூப்பிடுங்க"ன்னு மருந்துக்கடைக்காரர்கள் சங்கத்தில் உன் நம்பரை அட்டையில் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்! பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் உன்னையே கூப்பிட்டிருக்கிறார்கள். நீயும் ஒரு வார்த்தை சொல்லவில்லையேடி. தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அப்புறம் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். இப்போது கடை கடையாக ஏறி இறங்கி அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார்.

நேற்று சங்கத்துக்கு நானே போனேன். மென்பொருள் சும்மாதான், ஆனால் பழுது பார்ப்பது வேலை, வேலைக்குக் கூலி உண்டு என்றேன். தலைவர் மூக்கால் அழுதார். கம்பெனி வாங்கிவிட்டால் வருஷா வருஷம் அவர்கள் கேட்டதைத்தானே கட்டப் போகிறீர்கள் என்றதும் அடங்கிவிட்டார். எல்லோரும் பணம் போட்டுப் பழுது பார்க்க ஓர் ஆள் வைக்கப் போகிறார்கள், உனக்கும் மாதாமாதம் தருவார்கள். கம்பெனி தருவதில் கால்வாசிகூட வராது, அதை மறைக்க மாட்டேன்.

விற்றாலும் எனக்கு வருத்தமில்லை, கடைக்கு வேறு வழி பார்த்துக்கொள்வோம். அசதியில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே. நன்றாகத் தூங்கு, வயிறாரச் சாப்பிடு, பிறகு யோசி. எந்த முடிவெடுத்தாலும் எங்கள் ஆசி உனக்கு உண்டு, நீ நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவரை யாரும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள், நானும்தான். உன் குரலைக் கேட்காமல் இருப்பது கஷ்டம்தான் தங்கம், இருந்துகொள்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா