டிலானி கண்ணாடியில் பார்த்தது

ராகலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிஷாந்திக்கு,

சித்தப்பா பிரதாபன் எழுதுறேன். இங்க நாங்க சுகம், மட்டக்களப்பு வெயில்ல நீயும் சுகமா இருக்கணும். போன்ல சொன்னா பாதியில அழுதுருவே, அதனாலதான் கடிதம். முதல்லயே சொல்லிடுறேன், உன் அம்மா நல்லாகிட்டு வாறாங்க, பயப்படாம மிச்சத்தைப் படி.

சித்திரை முடிஞ்சதிலேருந்து அண்ணிக்கு ரெண்டு காலும் மரத்துப்போச்சு. கொழுந்து எடுக்கையில செருப்பு கழண்டது தெரியாமலே நடந்திருக்காங்க, ஒருநாள் தண்ணி ஓடுற கானுக்குள்ளயும் விழுந்துட்டாங்க. வயசாகிட்டுது, தோட்டத்துல பேரை வெட்டிக்கன்னு கங்காணி சொன்னாராம். நாற்பத்தாறு ஒரு வயசா? எனக்கு விற்றமின் பி12 மேல சந்தேகம், அது மீன் முட்டை பால்லதான் இருக்கு, குறைஞ்சா நரம்பு மரத்துப்போகும். அம்மா மரக்கறி மட்டுந்தான் சாப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியும், ஏன்னு தெரியாது. நீ ஓ.எல். பரீட்சை எழுதின வருஷம், என் மக கெம்பஸ் படிப்பை முடிக்கிற வரைக்கும் மீன் முட்டை பால் தொடமாட்டேன்னு மாரியம்மனுக்கு நேர்ந்துகிட்டாங்க. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க, நான் உடைக்கிறேன்.

அண்ணியைக் கூட்டிக்கிட்டுப் போய் எங்க லேப்ல ரத்தம் எடுத்தேன். மெஷின்ல பி12 நல்லாவே இருந்திச்சு. ரிப்போர்ட்ல கையெழுத்து வைக்க பேனாவையும் திறந்துட்டேன், கூட வேலை செய்ற டிலானிதான் தடுத்தா. அவ அந்த ரத்தத்துல ஒரு துளியைக் கண்ணாடியில தடவி மைக்ரோஸ்கோப்புல பார்த்துக்கிட்டிருந்தா. வெள்ளைச் செல்லோட கருவுக்கு மூணு நாலு மடல்தான் வரணும், இதுல ஆறு இருக்கு, சிவப்புச் செல்லும் ஊதிக் கிடக்கு, பி12 குறைஞ்சாத்தான் இப்படி வரும், உங்க மெஷின் சொல்றதை செல் ஒத்துக்கலையேன்னா. காலையில ரெண்டு தடவை சரிபார்த்த மெஷின்னு நான் சத்தம் போட்டேன். அவ வெளிய பெஞ்சில இருந்த அண்ணிகிட்ட போய், இங்க வரமுந்தி என்ன மாத்திரை குடிச்சீங்கம்மான்னு கேட்டா. நான் கேக்காத கேள்வி. அண்ணி தலையைக் குனிஞ்சுகிட்டு, கொழுந்தன் வேலை செய்ற எடத்துல நம்ம ரத்தம் மட்டமா இருந்தா அவருக்குத்தானே அசிங்கம், அதான் பத்து நாளா சத்து மாத்திரை போட்டுக்கிட்டு வந்தேன்னாங்க. ஆள் வாறாங்கன்னா லயத்து வீட்டு வாசலை மெழுகுவோமே, அப்படி ரத்தத்தையும் மெழுகிக்கிட்டு வந்திருக்காங்க. மாத்திரை மெஷின் காட்டுற அளவைத்தான் ஏத்தும், முந்தியே கெட்ட செல்லை மாத்தாது. நான் கையெழுத்து வெச்சிருந்தா நோயே இல்லைன்னு ஆகி, நரம்பு கெட்டு நடையே போயிருக்கும். டிலானி வேலைக்கு வந்து ரெண்டு வருஷந்தான். அந்தக் கண்ணு எனக்கில்லை. அவகிட்ட இன்னும் சொல்லல, சொல்லணும்.

டாக்டர் ஊசி எழுதினார். அது மாட்டு ஈரல்ல எடுக்கிறதுன்னா வேணாம்னு அண்ணி ஒரே பிடிவாதம். கிருமியை வளர்த்து எடுக்கிறதும்மா, கிருமியை அம்மன் கணக்குல எடுக்கமாட்டாங்கன்னு டிலானி சொன்னப்புறந்தான் கையை நீட்டினாங்க. நாலு ஊசி போட்டாச்சு. நேத்து மலையில கால்ல அட்டை ஏறுறது தெரிஞ்சிச்சாம். அட்டையை விழவைக்க உப்பைக்கூட எடுக்காம அதையே பார்த்துக்கிட்டு நின்னேன்னு சிரிக்கிறாங்க.

நேர்த்தியை விடுன்னு நீ சண்டை போடாதே, படிப்பை முடி, அதுவா முடியும். நீயும் ஹொஸ்டல்ல சோறும் பருப்புமா இருக்கிறவ, இந்த மாசமே ரத்தம் குடுத்து பி12 சோதிச்சுப் பாரு. அதுக்கு முந்தி ஒரு மாத்திரையும் விழுங்கக்கூடாது, உள்ளது உள்ளபடி தெரியட்டும். மாரியம்மா உனக்குத் துணை நிப்பா.

அப்பா இல்லாத எடத்துல நிக்கிற
உன் சித்தப்பா
பிரதாபன்