மூன்றாம் ஓலை

சேசு மரி சூசை துணை

கிருஷ்ணகிரி
27 நவம்பர் 1955

அன்புள்ள திம்மராயன் அவர்களுக்கு,

அருளாயி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதும் மூன்றாவது கடிதம் இது. ஓசூரில் தபால்பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டார்களா?

எங்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்று எஞ்சினை நீங்கள் ரிப்பேர் செய்துவிட்டுப் போய் இரண்டு வருஷம். அது ஒரு நாள்கூட நின்றதில்லை. செய்தவர்தான் நின்றுபோனார். மந்திரம் படித்து ஞானஸ்நானம் பெற்றால் உங்களுக்கே என்னைக் கட்டித் தருவதாக அம்மா சொன்னார்களே, ஓசூர் உபதேசியாரிடம் போனீர்களா? அது முடிந்தால்தான் மூன்று ஞாயிறு பூசையில் நம் கல்யாண ஓலையை வாசிப்பார்கள். தபசு காலம் தொடங்கிவிட்டால் ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் கல்யாணம் கிடையாது.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சிடி" என்று என்னோடு வேலை பார்க்கும் பூவம்மாள் டீச்சர் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படிக்கு,
அருளாயி


ஓசூர்
19 டிசம்பர் 1955

என் பிரிய அருளாயிக்கு,

கோபிக்காதே தாயே! பரலோக மந்திரம் முக்கால்வாசி பாடம். உபதேசியார் செவ்வாய்தோறும் வரச் சொல்கிறார். பெங்களூர் லாரிகளும் செவ்வாய்க்கிழமை பார்த்துத்தான் எங்கள் ஒர்க்ஷாப்பில் வந்து படுக்கின்றன. நான் என்ன செய்ய?

போன வாரம் உன்னைப் பார்க்கத்தான் பஸ் ஏறினேன். குந்தாரப்பள்ளிச் சந்தையில் அப்பா நின்றிருந்தார். உன் வேதத்தில் சேரப்போவதைச் சொல்லிவிடலாம் என்று இறங்கினேன். "வாடா திம்மா, இந்தக் காளைக்குப் பல்லு பாரு" என்றார். காளையின் வாயைத் திறந்து பார்த்தேன். என் வாயைத் திறக்கவில்லை. அவரோடு மாட்டை ஓட்டிக்கொண்டு உத்தனப்பள்ளி போய்விட்டேன்.

இங்கே ஒரு கூத்து கேள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் பேய் வராமலிருக்கக் கதவில் சுண்ணாம்பால் "நாளே பா" என்று எழுதியிருக்கிறார். நாளைக்கு வா என்று அர்த்தம். பேய் தினமும் வந்து, படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுமாம்!

பொங்கல் கழியட்டும். சத்தியமாக வருகிறேன்.

உன்,
திம்மராயன்


சேசு மரி சூசை துணை

கிருஷ்ணகிரி
14 பெப்ருவரி 1956

அன்புள்ள உங்களுக்கு,

பொங்கல் கழிந்து ஒரு மாதம். நாளைக்கு விபூதித் திருநாள். தபசு காலம் வந்துவிட்டது. அந்தக் கதவு உங்களுடையதுதான். நான் வந்து தட்டினாலும் சர்வேசுரனே வந்து தட்டினாலும் "நாளே பா".

அம்மா இருமினால் இப்போது ரத்தம் வருகிறது. "அந்தப் புள்ள நல்லவந்தான். ஆனா அவன் நாளைக்கு, நாளைக்குங்கிறதுக்குள்ள என் மூச்சு நின்னுரும். உன்ன யாரு கையில விட்டுட்டுப் போவேன்?" என்று அழுகிறார்கள். கோலார் தங்கவயலிலிருந்து ராயப்பன் என்பவர் கேட்டு வந்திருக்கிறார். மனைவி இறந்தவர். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. பாஸ்கு முடிந்த செவ்வாய் வரைக்கும் பொறுங்கள் என்று அம்மாவின் காலைப் பிடித்துக் கேட்டிருக்கிறேன்.

"வருகிறேன்" என்று ஒரு கார்டு போடுங்கள். அது போதும், அதைக் காட்டியே அம்மாவை நிறுத்திக்கொள்வேன். எனக்கு நீங்கள்தான் வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதிவிட்டேன்.

அருளாயி


சேசு மரி சூசை துணை

கிருஷ்ணகிரி பஸ் நிலையம்
22 ஏப்ரல் 1956, ஞாயிறு

மரியாதைக்குரிய அருளாயி அவர்களுக்கு,

இனி உங்களை நீ என்று எழுதக்கூடாது.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே உத்தனப்பள்ளி போய் அப்பாவிடம் சொன்னேன். இத்தனை நாள் பயந்தது அவருக்குத்தான். "எனக்குக் கொள்ளி வைக்க உன் தம்பி இருக்கான். நீ போ" என்றார். அதன்பிறகு ஒரு செவ்வாயும் தவறவில்லை. பாஸ்குக்கு முந்தின பெரிய சனிக்கிழமை எனக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. சூசை என்று பெயர் வைத்தார்கள்.

கார்டு வாங்கி எழுதியும்விட்டேன். நேரில் வந்து சொன்னால் உங்கள் முகம் எப்படி மலரும் என்று ஓர் ஆசை. கார்டு எதற்கு, ஞாயிற்றுக்கிழமை போய்விடலாமே என்று சட்டைப்பையில் வைத்தேன். அந்த ஞாயிறு ஒரு லாரி வந்து படுத்தது. அடுத்த ஞாயிறு தையற்காரன் புதுச் சட்டையைத் தரவில்லை. பாவி, நீங்கள் சொன்ன செவ்வாய் தாண்டியும் சட்டைக்காகக் காத்திருந்தேன்!

இன்று வந்தேன். கோயிலில் ஆண்கள் பக்கம் கடைசியில் முழந்தாளிட்டிருந்தேன். சுவாமியார் ஓலை வாசிக்க எழுந்து உங்கள் பெயரைச் சொன்னார். ஒரு நிமிஷம் அடுத்தது என் பெயர்தான் என்று நெஞ்சு துள்ளியது. ராயப்பன் என்றார். "இது மூன்றாம் ஓலை. தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும்" என்றார்.

உங்கள் அம்மா தூணில் சாய்ந்து கண்மூடி உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஒரு சிறு பெண் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாய் திறக்கவில்லை. குந்தாரப்பள்ளியில் திறக்காதது பயத்தினால். இன்று யோசித்துத்தான் திறக்கவில்லை.

நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் தங்கவயலுக்குப் போகக்கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். அந்தக் கார்டையும் உள்ளே வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

ஓசூர் பஸ் புறப்பட நிற்கிறது. தபால்பெட்டி எதிரிலேயே இருக்கிறது. இதைப் போட்டுவிட்டுத்தான் ஏறுவேன்.

சூசை